டார்ச் பிடித்தவன்

கரண்ட் போனால் உங்கள் வீட்டில் டார்ச் பிடித்தது யார்?

ரிப்பேர் பார்த்தவரைக் கேட்கவில்லை. அவரை எல்லோருக்கும் தெரியும். ஸ்டூல் மேல் ஏறி, வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டு, 'ம்... ம்...' என்று அந்த டெஸ்டர் வழியாகவே அதிகாரம் செய்தவர். அப்பாவாக இருப்பார், மாமாவாக இருப்பார். நான் கேட்பது, கீழே நின்று வெளிச்சம் காட்டிய ஜீவனைப் பற்றி.

எங்கள் வீட்டில் அது நான்.

திருச்சி கே.கே. நகரில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன்னால் பெரியப்பா, பின்னால் நாங்கள். பெரியப்பா கைவைக்காத சாமான் இரண்டு வீட்டிலும் கிடையாது. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், தண்ணி மோட்டார், பெரியம்மாவின் தையல் மெஷின், எதுவானாலும் அவர்தான். கடையில் கொடுத்தால் 'காயிலைத் திருடிடுவான்' என்பது அவர் சித்தாந்தம். 'பீஸ் போயிடுச்சு' என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், அடுத்த குரல் பெரியப்பாவுடையது.

"டேய், அந்த மூணு கட்டை பேட்டரி லைட்டை எடுத்துட்டு வாடா!"

இந்த 'டேய்' எனக்குத்தான். அவருக்கு என்னைவிட நாலு வயது மூத்த மகன் ஒருவன், எங்கள் அண்ணன், அதே வீட்டில் இருந்தான். ஆனால் அவன் படிக்கிற பையன். நான் படிக்காத பையன் என்பதல்ல. டார்ச் பிடித்தால் கெட்டுப்போகிற அளவுக்குப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

டார்ச் பிடிப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதில் சாஸ்திரமே இருக்கிறது. ரிப்பேர் ஆசாமியின் கண் எங்கே போகப்போகிறதோ, அங்கே ஒரு விநாடி முன்னால் வெளிச்சம் போக வேண்டும். அவர் கை நிழல் விழக் கூடாது. அவர் மூஞ்சியில் அடிக்கக் கூடாது. ஸ்க்ரூ விழுந்தால் டார்ச்சைத் தாழ்த்தித் தேட வேண்டும். தேடும்போதே மேலேயும் காட்ட வேண்டும்! இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அவரால் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. "அங்கே இல்லடா, இங்கே!" என்பார். எந்த அங்கே, எந்த இங்கே? அது அவருக்கும் அந்த ஃபியூஸ் கேரியருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

"டார்ச்சை ஒழுங்கா பிடிடா!"

என் பால்யத்தில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். 'நல்லா படி' இரண்டாம் இடம்.

ரிப்பேர் முடிந்து பல்பு எரியும். பெரியம்மா, "உங்க கை பட்டா எரியாம இருக்குமா?" என்று கணவரைப் பார்ப்பார். டார்ச்சை அணைத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு நான் பின்வீட்டுக்குப் போவேன். பேட்டரி தீர்ந்திருந்தால் மட்டும் என் பெயர் அடிபடும். "இவன்தான் ராத்திரி போர்வைக்குள்ள வெச்சுப் படிக்கிறான்!"

உண்மைதான். படித்தேன். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் படிக்கத் தகுந்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். காமிக்ஸ்.

பெரியப்பாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு கிளம்பிய முத்து காமிக்ஸ், 1984-ல் வந்த லயன், அதே வருஷம் வந்த ராணி காமிக்ஸ். அந்தப் பெட்டி எனக்கு ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கற்றுக்கொடுத்தது. ஹீரோ தனியாக வருவது அபூர்வம். மந்திரவாதி மாண்ட்ரேக்குக்கு ஒரு லொதார். ரிப் கெர்பிக்கு ஒரு டெஸ்மாண்ட். மாடஸ்டிக்கு ஒரு வில்லி கார்வின். நாங்கள் மொட்டை மாடியில் விளையாடும்போது அண்ணன்தான் மாண்ட்ரேக். நான் லொதார். ஒரிஜினல் லொதார் யானையைத் தூக்குவான் போல் இருப்பான். நான் எலும்பும் தோலும். ஆனாலும் வேஷம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதில், தெப்பக்குளம் பக்கம் நடைபாதைக் கடையில் ஓர் இங்கிலீஷ் காமிக்ஸ் கிடைத்தது. அட்டை கிடையாது. நடுவில் சில பக்கங்களும் கிடையாது. அதில் சுத்தியல் வைத்த தோர் என்கிற நீளமுடிக்காரன் ஒரு குறுகலான பாலத்தில் வருகிறான். எதிரே தாடிக்காரன் ஒருவன். மார்பில் குறுக்குப் பட்டை, இடுப்பில் குட்டைப் பாவாடை. பாலத்தில் ஒருத்தர்தான் போகலாம். 'நீ ஒதுங்கு', 'நீ ஒதுங்கு' என்று ஆரம்பித்து மலையைப் பெயர்க்கிற சண்டை. (பாலக்கரையில் இரண்டு டவுன் பஸ் எதிரெதிரே நின்றால் நடப்பதும் இதுதான், சுத்தியல் மட்டும் இருக்காது.)

"யார் பெரியப்பா இந்தத் தாடி?"

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இவன் நம்ம சைக்கிள்காரன்டா. ஹெர்குலிஸ்!"

வாசலில் அவர் சைக்கிள் நின்றது. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். பெயருக்கு உடையவன் கிரேக்கத்துப் பலசாலி என்று பெரியப்பா விளக்கினார். சிங்கத்தைக் கையாலேயே கொன்றவன், பன்னிரண்டு பெரிய வேலைகளை முடித்தவன், நம்ம பீமன் மாதிரி. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. இவ்வளவு பெரிய ஆள் ஏன் அடுத்தவன் புத்தகத்தில் வந்து அடி வாங்குகிறான்?

பிற்காலத்தில் இதை ஆராய்ந்தேன். (பி.காம். படித்தவன் வேறென்ன ஆராய முடியும்?) அந்தப் பாலத்துச் சண்டை முதலில் அச்சானது 1965-ல். எழுதியது ஸ்டான் லீ, வரைந்தது ஜாக் கிர்பி. ஹெர்குலிஸை அவர்கள் தோரின் கதைக்குள் விருந்தாளியாகத்தான் கூப்பிட்டார்கள். புராணத்தில் கதாநாயகன், காமிக்ஸில் துணை நடிகன்! அடுத்த வருஷம் இன்னும் மோசம். ஹாலிவுட் சினிமாவில் நடிக்க ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் நீட்டப்பட, நம்ம ஆள் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். நீட்டியவன் பாதாள லோகத்து அதிபதி புளூட்டோ. 'எனக்குப் பதில் நீ பாதாளத்தை ஆள வேண்டும்' என்பது உள்ளே இருந்த ஷரத்து. தோர் வந்துதான் மீட்கிறான். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று காலேஜில் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்ததை கிர்பி இருபது பக்கத்தில் வரைந்துவிட்டார்.

அப்புறம் 1967-ல் அவெஞ்சர்ஸ் கோஷ்டியில் சேர்ந்தான். 1975-ல் 'சாம்பியன்ஸ்' என்று வேறொரு கோஷ்டி. மூன்று வருஷத்தில் இழுத்து மூடினார்கள். தன் பெயரில் தனிப் புத்தகம் கிடைக்க 1982 வரை காத்திருந்தான், அதுவும் நாலே இதழ். 2008-ல் மாதாமாதம் அவன் பெயர் போட்டு வந்தது என்றால், அதுகூட ஹல்க் நடத்திக்கொண்டிருந்த பத்திரிகை. இதழ் எண்கூட மாறவில்லை, 112-லிருந்து தொடர்ந்தது. பழைய மேனேஜர் நாற்காலியில் போர்டை மட்டும் மாற்றி உட்காருவது போல.

இவன் மட்டுமல்ல. வொண்டர் வுமன் 1941-ல் வந்தாளே, அவள் அம்மா ஹிப்போலிட்டா யார்? ஹெர்குலிஸின் ஒன்பதாவது வேலையே அந்த ராணியின் இடுப்புப் பட்டையைக் கொண்டுவருவதுதான். காமிக்ஸில் அவளுக்கு அம்மா வேஷம்.

எங்கள் ஊரிலிருந்து மட்டும் ஒரு வேலைக்காரன் தலைகீழாகப் போயிருக்கிறான். 'டிங்கிள்' பத்திரிகைக்குத் திருச்சி வாசகர் ஒருவர் மூன்று கதை அனுப்பினார். எஜமான் சொன்னதைச் சொன்னபடியே செய்து குட்டிச்சுவராக்கும் ஒரு வேலைக்காரன். 1983-ல் ராம் வயீர்கர் அவனுக்கு நீள மூக்கும் தட்டை மண்டையும் வரைந்தார். அவன்தான் சுப்பாண்டி. கதைக்குக் கதை எஜமான் மாறினார், வேலைக்காரன் மாறவில்லை. அவன் எஜமான் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2020 ஊரடங்கில் எனக்குத் தூக்கம் கெட்டது. பகலில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கடைகளே மூடிக் கிடந்ததால் அதுவும் இல்லை. ராத்திரி செல்போனில் ஹெர்குலிஸின் அசல் கதையைப் படிக்க ஆரம்பித்தேன். அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்குகிற பழைய புராணத் தொகுப்பின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. கிட்டத்தட்ட ஆடிட் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். உணர்ச்சி கிடையாது. யார் யாரைக் கொன்றார், எத்தனை மாடு, எந்த ஊர்.

அதில்தான் அவனைச் சந்தித்தேன்.

ஹெர்குலிஸின் இரண்டாவது வேலை, லெர்னா சதுப்பு நிலத்தில் இருந்த ஹைட்ரா என்கிற ஒன்பது தலைப் பாம்பை ஒழிப்பது. ஒரு தலையை நசுக்கினால் அந்த இடத்தில் இரண்டு முளைக்கும். பலம் பிரயோஜனப்படாத இடம் அது. அடிக்க அடிக்க வேலை கூடும். (ஆபீஸில் பெண்டிங் ஃபைல் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) ஹெர்குலிஸ் திணறிப்போய்க் கூட வந்த பையனைக் கூப்பிட்டான். அந்தப் பையன் பக்கத்துக் காட்டில் கொஞ்சத்துக்குத் தீ வைத்தான். எரிகிற கொள்ளிக்கட்டைகளை எடுத்துவந்தான். பெரியவர் ஒரு தலையை எடுத்ததும், பையன் அந்தக் கழுத்தைச் சுட்டுப் பொசுக்கினான். மறுபடி முளைக்கவில்லை. சாகாவரம் பெற்ற நடுத்தலையை மட்டும் வெட்டிப் புதைத்து, மேலே பெரிய பாறையை வைத்தார்கள்.

பையன் பெயர் அயோலஸ். ஹெர்குலிஸின் தேரோட்டி. இரட்டையாகப் பிறந்த தம்பி இஃபிக்ளிஸின் மகன். அதாவது நம் கணக்குப்படி ஹெர்குலிஸ் அவனுக்குப் பெரியப்பா!

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நெருப்பைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா பக்கத்தில் நின்ற பையன். அன்றைக்கும் அந்தச் சதுப்பு நிலத்தில், 'அந்தக் கழுத்து இல்லடா, இந்தக் கழுத்து!' என்று ஒரு குரல் கேட்டிருக்கும். நிச்சயம்.

அதற்கு அடுத்த வரிதான் என்னைக் கொன்றது. ஹெர்குலிஸுக்கு வேலை கொடுத்த ராஜா யூரிஸ்தியஸ். மகா கோழை. முதல் வேலை முடிந்து ஹெர்குலிஸ் திரும்பியதைப் பார்த்தே நடுங்கி, பூமிக்கடியில் வெண்கல அண்டா ஒன்று புதைத்து வைத்துக்கொண்டு, நேரில் பேசாமல் ஆள் மூலம் உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தவன். அந்த மகானுபாவன் ஹைட்ரா வேலையைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றான். காரணம்? தனியாகச் செய்யவில்லை, அயோலஸ் உதவினான்!

நான் ஆடிட் ஆபீஸில் ஆறு வருஷம் உதவியாளனாக இருந்தவன். 'டிஸ்அலோ' என்று சிவப்பு மையில் எழுதப்பட்ட எத்தனையோ பில்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பின்னால் ஆஜியஸ் தொழுவத்தைக் கழுவிய வேலையும் இதேபோல் தள்ளுபடி. அங்கே ஹெர்குலிஸ் தனியாகக் கூலி பேசிவிட்டானாம். இரண்டும் போனதால்தான் பத்து வேலை பன்னிரண்டானது. நாம் 'பன்னிரண்டு' என்று பெருமையாகச் சொல்கிற கணக்கு, இரண்டு பில் நிராகரிக்கப்பட்டதால் வந்த கணக்கு.

கவனியுங்கள். அயோலஸ் பிரயோஜனமில்லாதவன் என்று ராஜா சொல்லவில்லை. அவன் இல்லாமல் முடிந்திருக்காது என்று ஒப்புக்கொண்டுதான் தள்ளுபடி செய்தான். உதவியாளனுக்குக் கிடைத்த ஒரே எழுத்துபூர்வமான அங்கீகாரம், பெரியவரின் சம்பளத்தில் பிடித்தம்!

இன்னொரு வேடிக்கை. அந்தச் சண்டையில் பாம்புக்கு உதவியாக ஒரு நண்டு வந்து ஹெர்குலிஸின் காலைக் கடித்தது. ஒரே மிதி. செத்தது. அதைத் தூக்கி வானத்தில் வைத்தார்கள். கடக ராசி! வாராவாரம் கடகத்துக்குப் பண வரவு உண்டா, வாகன யோகம் உண்டா என்று பார்க்கிறோமே, அந்த நண்டுதான். ஹைட்ராவுக்கும் ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு. ஹெர்குலிஸுக்கும் உண்டு. ஒரு விநாடி கடித்த நண்டுக்கு ராசிக் கட்டத்தில் இடம். கடைசிவரை நெருப்பைப் பிடித்தவனுக்கு ஒரு நட்சத்திரம் இல்லை. 1995-ல் அமெரிக்க டி.வி.யில் ஹெர்குலிஸ் தொடர் வந்தபோது அயோலஸுக்கு நல்ல வேஷம் கிடைத்தது. அடுத்த வருஷம் அதே தொடரின் காமிக்ஸிலும் வந்தான். ஆனால் உறவை அறுத்துவிட்டார்கள். அதில் அவன் வெறும் நண்பன்.

ராத்திரியெல்லாம் இதைப் படித்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் நண்டு வரைக்கும் வந்துவிட்டேன்.

அந்த மே மாதம் பெரியப்பா இறந்துபோனார். கொரோனா இல்லை, ஹார்ட். சாயந்திரம் காபி குடித்தார், ஏழு மணிக்கு இல்லை. அண்ணன் அமெரிக்காவில். விமானம் கிடையாது. மயானத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு. எங்களுக்கு அந்த இருபதுகூடச் சேரவில்லை. 'தம்பி மகனும் மகன் முறைதானே' என்று பெரியவர் ஒருவர் சொன்னார். ஓயாமாரியில் குடம் உடைத்து, கொள்ளிக்கட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் நான் வைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் வீடியோ காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினாலு வயதிருக்கும், பயத்தில் கை நடுங்கியது. போனுக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. "தம்பி, கொஞ்சம் கீழே... முகம் தெரியல... இந்தப் பக்கம்... ஒழுங்கா பிடிப்பா."

மறுநாள் காலையில் பால் ஊற்றி எலும்பு பொறுக்கப் போனேன். காவிரியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. ஓடிய கொஞ்சத்தில் கரைத்தோம். ஹெர்குலிஸ் சிதையில் எரிந்த பிறகு அயோலஸின் ஆட்களும் எலும்பு பொறுக்கப் போனதாக டியோடோரஸ் என்பவர் எழுதியிருக்கிறார். தேடினார்களாம், ஒரு எலும்புகூட இல்லையாம். அதனால் தேவனாகிவிட்டான் என்று முடிவு செய்தார்கள். எங்களுக்கு எல்லாம் கிடைத்தது. வெட்டியான் சொன்ன வரிசைப்படி, காலிலிருந்து ஆரம்பித்துப் பொறுக்கினேன். அவர் மனிதர்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இங்கிலீஷில் நீளமாக எழுதினான். அப்பாவின் நேர்மை, உழைப்பு, அவர் கைபட்டால் எது வேண்டுமானாலும் ஓடும் என்பது. நல்ல இங்கிலீஷ். கடைசியில் நன்றி. புரோகிதருக்கு, டாக்டருக்கு, எதிர்வீட்டு மாமாவுக்கு, பிறகு 'உதவிய மற்ற அனைவருக்கும்'.

மற்ற அனைவரில் நான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த மெசேஜை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. கட்டைவிரல் அடையாளம் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். மனசுக்குள் பேரேடு திறந்து பற்று எழுத ஆரம்பித்தேன். ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? பெரியம்மாவுக்கு மாத்திரை வாங்க வரிசையில் நின்றது யார்? அந்த மூணு கட்டை டார்ச்சைப் பத்து வருஷம் பிடித்தது யார்? செத்த மனிதர் பேரில் பில் போடுகிறோமே என்று தெரிந்தும் எழுதிக்கொண்டே இருந்தேன். அந்த ராத்திரிகளில்தான் ஹைட்ரா. இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன்: அப்போது எனக்கு அந்த அண்டா ராஜாவின் முகம் அண்ணன் முகம் மாதிரியே தெரிந்தது.

அயோலஸின் கதை ஹைட்ராவோடு முடியவில்லை. ஹெர்குலிஸ் போன பிறகு அதே யூரிஸ்தியஸ் அவன் பிள்ளைகளைக் கொல்லத் துரத்துகிறான். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடுவது அயோலஸ். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் யூரிபிடிஸ் இதை நாடகமாக எழுதினார். அதில் அயோலஸ் கிழவன். யுத்தத்துக்குப் போகிறேன் என்று கோயிலில் மாட்டியிருந்த கவசத்தை எடுக்கச் சொல்கிறான், தூக்கத் தெம்பில்லை. ஒரு வேலைக்காரன் கவசத்தைச் சுமந்துகொண்டு, இன்னொரு கையால் கிழவனையும் தாங்கிக்கொண்டு போகிறான். உதவியாளனுக்கு ஓர் உதவியாளன்! போர்க்களத்தில் அயோலஸ் ஒரே ஒரு நாளைக்கு இளமையைக் கேட்டு வேண்டுகிறான். கிடைக்கிறது. ராஜாவை உயிரோடு பிடித்துவிடுகிறான். பெரியப்பா பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு எனக்கு ஞானம் வந்ததாக நினைக்காதீர்கள். 'அந்தப் பிள்ளைகள் அவனுக்கு நன்றியாவது சொன்னார்களா?' என்றுதான் தோன்றியது.

2022 டிசம்பரில் அண்ணன் வந்தான். பெரியம்மாவைத் தன்னோடு அழைத்துப்போகப் பேச வந்தவன். பெரியம்மா 'மார்கழி போகட்டும்' என்று ஒத்திப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சிரித்துப் பேசினோம். வாட்ஸ்அப் விஷயத்தை நான் எடுக்கவில்லை. அவன் எடுக்க அவனுக்கு அதில் விஷயமே இல்லை.

ஒரு ராத்திரி பத்து மணிக்குப் போன். "டேய், அப்பா ரூம் ஃபேன் சுத்த மாட்டேங்குது. உர்ருன்னு சத்தம் மட்டும் வருது. அம்மா உன்னைக் கூப்பிடச் சொன்னாங்க."

பத்து அடி தூரத்தில் இருக்கிற வீட்டுக்குப் போனில் அழைப்பு! போனேன். உர்ரென்று சத்தம் வந்து, கையால் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு கண்டன்சர்தான். பெரியப்பா ஸ்டாக் வைத்திருப்பார். அவருடைய பிஸ்கட் டப்பாவில் புதுசு ஒன்று இருந்தது, 2.5 மைக்ரோஃபேரட். மெயினை ஆஃப் செய்தேன். வீடு இருட்டு. ஸ்டூலில் ஏறி மேல் கிண்ணத்தின் ஸ்க்ரூவைத் தேடினேன்.

"அண்ணே, கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க."

அவன் செல்போனில் டார்ச்சைப் போட்டுப் பிடித்தான். அமெரிக்காவில் அவனுக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்ப்பதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார். இன்ஜினீயரிங்கில் தங்க மெடல். ஆனால் வெளிச்சம் என் மூக்கில் அடித்தது. பிறகு கூரையில். பிறகு என் கை நிழல் சரியாக ஸ்க்ரூ மேல். பழைய கண்டன்சரின் இரண்டு ஒயரை விரலில் பிடித்துக்கொண்டு, வாயில் டெஸ்டரோடு, எனக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. 'டா' போட முடியாத உறவு.

"அண்ணே... ஒழுங்கா பிடிங்கண்ணே!"

கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளிச்சம் ஆடியது.

"அப்பா மாதிரியே சொல்றடா."

நான் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பிடிக்கவே தெரியாதுடா. அப்பா ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்ல. நான் உள்ளே மெழுகுவத்தி வெச்சுப் படிச்சுக்கிட்டிருப்பேன். வெளியே நீங்க ரெண்டு பேரும்... அவர் உன்னைத் திட்டிக்கிட்டே இருப்பார். எனக்கு ஒரு வரி மண்டையில ஏறாது. நானும் வரேன்னு ஒரு நாள் எழுந்து வந்தேன். 'நீ போய்ப் படி'ன்னுட்டார்." கொஞ்சம் நிறுத்தினான். "பிளஸ் டூ பரீட்சை சமயம் உன் டார்ச்சுல பேட்டரியைக் கழட்டி ஒளிச்சது நான்தான்."

ஸ்டூல் மேல் நின்றபடி அந்த நாளை யோசித்தேன். ஞாபகம் இருந்தது. அதற்காக எனக்கு விழுந்த அடியும் ஞாபகம் இருந்தது.

"அதுக்கு நான் அடி வாங்கினேன் அண்ணே."

"தெரியும். ஜன்னல் வழியா பார்த்தேன்."

இன்சுலேஷன் டேப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அவன் பிஸ்கட் டப்பாவுக்குள் தேடினான். தேடும்போது வெளிச்சம் மொத்தமும் டப்பாவுக்குள் போய்விட்டது. நான் மேலே இருட்டில் ஒயரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"மேலேயும் காட்டணும் அண்ணே. தேடுறப்பவே மேலேயும் காட்டணும்."

"எப்படிடா?"

"டார்ச்சை நெஞ்சு மேல சாய்ச்சு வெச்சுக்குங்க. முழங்கையால இறுக்கிப் பிடிங்க. ஆங்... அப்படித்தான்."

மெயினைப் போட்டதும் ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு கிளம்பியது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியம்மா மேலே பார்த்துவிட்டு, அண்ணனைப் பார்த்து, "உங்கப்பா மாதிரியே சரி பண்ணிட்டியே!" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்தவன், கையிலிருந்த செல்போன் டார்ச்சை அணைக்க மறந்து, பின்வீட்டு வாசல் வரைக்கும் என் காலுக்கு முன்னால் வெளிச்சம் அடித்துக்கொண்டே வந்தான்.